ஓய்வுபெற்ற ஆசிரியர் மறுநியமனம்

ஓய்வுபெற்ற ஆசிரியர் மறுநியமனம் என்பது, வயது முதிர்வு காரணமாகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, அவர் ஓய்வூதியத்துக்கு உரியவராக இருக்கும் நிலையிலேயே, மீண்டும் ஆசிரியப் பணியில் அமர்த்துவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் கல்வியாண்டின் இடையில் ஓய்வுபெறும் ஆசிரியரை அந்தக் கல்வியாண்டின் முடிவு வரை அதே பள்ளியில் தொடரச் செய்யும் ஏற்பாட்டையே சுட்டுகிறது. அரசுப் பள்ளிகள், அரசு உதவிபெறும் தனியார் பள்ளிகள் ஆகிய இரண்டிலும் இந்நடைமுறை உள்ளது. மறுநியமனக் காலத்தில் ஒருவர் முழு ஊதியத்தையும் முழு ஓய்வூதியத்தையும் ஒருசேரப் பெற இயலாது என்பது இதன் அடிப்படை நெறி ஆகும்.

சொற்பொருள்

மறுநியமனம், பணி நீட்டிப்பு ஆகிய இரண்டு சொற்களும் பேச்சு வழக்கில் ஒன்றாகவே பயன்படுத்தப்படுகின்றன. ஆயினும் விதிகளில் இவை வேறுபட்டவை. பணி நீட்டிப்பில் ஊழியர் ஓய்வுபெறுவதே இல்லை. அவருடைய பழைய பணி அறுபடாமல் தொடர்கிறது. மறுநியமனத்தில் அவர் ஓய்வுபெற்றுவிடுகிறார். ஓய்வூதியம், பணிக்கொடை முதலியவை ஓய்வுபெற்ற நாளின் நிலவரப்படி கணக்கிடப்படுகின்றன. அதன்பின் அவர் வகிப்பது புதிய நியமனம் ஆகும். எனவே மறுநியமனக் காலம் ஓய்வூதியத்துக்கான தகுதிப் பணிக்காலத்துடன் சேர்க்கப்படுவதில்லை. அந்தக் காலத்துக்கெனத் தனியாக இரண்டாவது ஓய்வூதியம் வழங்கப்படுவதும் இல்லை.

பின்னணி

அரசு ஊழியர் ஒருவர் ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளன்று பிற்பகல் ஓய்வுபெறுகிறார். மாதத்தின் முதல் நாளில் பிறந்தவர் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஓய்வுபெறுகிறார். அலுவலகப் பணிகளில் இதனால் பெரிய இடையூறு ஏற்படுவதில்லை. ஆனால் பள்ளியில் நிலைமை வேறு. கல்வியாண்டு சூனில் தொடங்குகிறது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் பொதுத் தேர்வுகள் மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் நடைபெறுகின்றன. நவம்பரில் கணித ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெற்றால், பாடத்தின் பாதியில் மாணவர்கள் ஆசிரியரை இழக்கின்றனர். ஆசிரியர்களுக்கான பொது மாறுதல் கலந்தாய்வும் பதவி உயர்வும் பெரும்பாலும் கல்வியாண்டுத் தொடக்கத்தை ஒட்டியே நடப்பதால், இடையில் ஏற்படும் காலியிடம் பல மாதங்கள் நிரப்பப்படாமல் இருக்கக்கூடும். இந்த இடைவெளியை நிரப்பவே மறுநியமன முறை ஏற்பட்டது.

இவ்வேற்பாட்டின் முதன்மையான நோக்கம் மாணவரின் நலன் ஆகும். ஆசிரியருக்குக் கூடுதல் பணிக்காலம் அளிப்பது அன்று. இந்த வேறுபாடு பின்னர் எழுந்த பல வழக்குகளில் முக்கிய இடம் பெற்றது.

தமிழ்நாட்டில் நடைமுறை

தமிழ்நாட்டில் ஆசிரியர்களைக் கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனம் செய்வதற்கான அடிப்படை ஆணையாக, 1988 அக்டோபர் 27 ஆம் நாளிட்ட கல்வித் துறை அரசாணை எண் 1643 குறிப்பிடப்படுகிறது. பின்னர் வந்த அரசாணைகள் இதில் திருத்தங்களையும் கூடுதல் நிபந்தனைகளையும் சேர்த்தன. ஓய்வூதியம் தொடர்பான பொது விதிகள் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 இல் அடங்கியுள்ளன.

கால அளவு

எடுத்துக்காட்டாக, 1965 நவம்பர் 10 அன்று பிறந்த ஆசிரியர் 2025 நவம்பர் 10 அன்று 60 வயதை நிறைவு செய்கிறார். அவர் நவம்பர் 30 அன்று ஓய்வுபெறுகிறார். மறுநியமனம் வழங்கப்பட்டால் திசம்பர் 1 முதல் அந்தக் கல்வியாண்டின் முடிவு வரை பணியாற்றுவார். 1965 திசம்பர் 1 அன்று பிறந்தவருக்கும் இதே நாட்களே பொருந்தும். கல்வியாண்டின் முடிவிலேயே ஓய்வுபெறுபவருக்கு மறுநியமனத்துக்கான தேவை எழுவதில்லை.

நிபந்தனைகள்

மறுநியமனம் வழங்குவதற்குப் பொதுவாகக் கருதப்படும் நிபந்தனைகள் பின்வருமாறு:

- ஆசிரியர் தொடர்ந்து பணியாற்ற விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும்.
- அவருடைய நடத்தையும் பணியும் மனநிறைவு அளிப்பதாக இருக்க வேண்டும்.
- பணியாற்றுவதற்கு ஏற்ற உடல் தகுதி இருக்க வேண்டும்.
- அவர் வகிக்கும் பணியிடம் மாணவர் எண்ணிக்கையின்படி தேவையான பணியிடமாக இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனை அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படுவதாகும். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 1 ஆம் நாள் நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், உயர் தொடக்க நிலையில் 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்னும் விகிதத்தை வகுத்துள்ளது. தேவைக்கு மேல் உள்ளவர் உபரி ஆசிரியர் எனப்படுகிறார். ஒரு பள்ளியில் உபரி ஆசிரியர் இருக்கும்போது, அங்கு ஓய்வுபெறுபவரை மீண்டும் நியமிப்பதால் அரசுக்கு ஏற்படும் செலவுக்கு மாணவர் நலன் என்னும் காரணம் பொருந்தாது என்பது இந்நிபந்தனைக்குக் கூறப்படும் விளக்கம் ஆகும்.

ஊதியமும் ஓய்வூதியமும்

மறுநியமனம் பெற்றவரின் ஊதியம், ஊதியத்திலிருந்து ஓய்வூதியத்தைக் கழித்தல் என்னும் நெறியைப் பின்பற்றுகிறது. அதாவது, கடைசியாகப் பெற்ற ஊதியத்திலிருந்து ஓய்வூதியத் தொகை கழிக்கப்பட்டு மீதி ஊதியமாக வழங்கப்படுகிறது. ஓய்வூதியம் தனியே வருகிறது. இரண்டின் கூட்டுத்தொகை பழைய ஊதியத்தைத் தாண்டாது.

இந்நெறி நடுவண் அரசின் 1986 ஆம் ஆண்டு ஆணைகளில் விரிவாக வகுக்கப்பட்டுள்ளது. அவ்வாணைகளின்படி கழிக்கப்படுவது கையில் கிடைக்கும் ஓய்வூதியம் அன்று. தொகுத்துப் பெறுவதற்கு முந்தைய முழு ஓய்வூதியம் ஆகும். தொகுத்துப் பெறுதல் என்பது மாத ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு பெருந்தொகையை முன்கூட்டியே பெறுவதாகும். தமிழ்நாட்டில் ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்கு வரை இவ்வாறு பெறலாம். விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சேர்க்கப்படுகிறது.

கணக்கீடு

கீழுள்ள கணக்கு நெறியை விளக்குவதற்காக மட்டும் முழு எண்களில் தரப்படுகிறது; படிகள் சேர்க்கப்படவில்லை.

- கடைசி அடிப்படை ஊதியம்: 80,000 ரூபாய்
- முழு ஓய்வூதியம் (ஊதியத்தில் பாதி): 40,000 ரூபாய்
- மறுநியமன ஊதியம்: 80,000 - 40,000 = 40,000 ரூபாய்
- ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறாதவரின் மாத வரவு: 40,000 + 40,000 = 80,000 ரூபாய்
- மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்துப் பெற்றவரின் மாத ஓய்வூதியம்: 26,667 ரூபாய்
- அவருடைய மாத வரவு: 40,000 + 26,667 = 66,667 ரூபாய்

இரண்டாமவரின் மாத வரவு குறைவாகத் தோன்றினாலும், விட்டுக்கொடுத்த பகுதிக்கான தொகையை அவர் ஏற்கெனவே பெற்றுவிட்டார். எனவே அது இழப்பு அன்று. முன்கூட்டிய வரவின் விளைவு ஆகும். ஆயினும் மறுநியமனத்துக்கு இசைவு தெரிவிக்கும் ஆசிரியர் இதை முன்னரே அறிந்திருத்தல் நலம். ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் ஒப்பளிக்கப்பட்டுக் கருவூலம் வழியாக வழங்கப்படுவதால், ஓய்வூதியம் முதன்முதலில் கைக்கு வருவதற்கும் மறுநியமன ஊதியம் தொடங்குவதற்கும் இடையே கால வேறுபாடு ஏற்படலாம்.

அகவிலை நிவாரணம்

பணியில் உள்ளோருக்கு வழங்கப்படும் அகவிலைப்படிக்கு நிகராக ஓய்வூதியர்களுக்கு அகவிலை நிவாரணம் வழங்கப்படுகிறது. நடுவண் அரசின் ஆணைகளில், மறுநியமனம் பெற்றவரின் படிகள் ஓய்வூதியத்தைக் கழிப்பதற்கு முந்தைய ஊதியத்தின் மீது கணக்கிடப்படுகின்றன. அதே காலத்தில் ஓய்வூதியத்தின் மீதும் நிவாரணம் வழங்கினால் ஒரே விலையேற்றத்துக்கு இருமுறை ஈடு செய்ததாகிவிடும். ஆகவே ஓய்வு வயதை எட்டி ஓய்வுபெற்றபின் மறுநியமனம் பெற்றவருக்கு ஓய்வூதியத்தின் மீதான நிவாரணம் அக்காலத்தில் நிறுத்திவைக்கப்படுகிறது.

முன்னாள் படைவீரர்கள் தொடர்பான இந்திய ஒன்றியம் எதிர் ஜி. வாசுதேவன் பிள்ளை வழக்கில், 1994 திசம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்வாறு நிறுத்திவைப்பது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பின்னாளில், ஓய்வூதியம் முழுவதும் கணக்கில் கொள்ளப்படாமல் தொடக்க நிலை ஊதியத்தில் அமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் முதலானோருக்கு நடுவண் அரசு விலக்கு அளித்தது.

சட்ட நிலை

ஓய்வூதியம் அரசின் கொடை அன்று. அது ஊழியரின் உரிமை என்னும் நிலைப்பாடு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளில் உறுதிபெற்றது. முதலாவது, பீகாரின் கல்வித் துறையில் பணியாற்றிய தேவகிநந்தன் பிரசாத் தொடுத்த வழக்கில் 1971 இல் வழங்கப்பட்டது. இரண்டாவது, டி. எஸ். நகாரா வழக்கில் 1982 திசம்பர் 17 அன்று வழங்கப்பட்டது. இந்நாள் இந்தியாவில் ஓய்வூதியர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2013 இல் சார்க்கண்டு மாநிலம் எதிர் ஜிதேந்திர குமார் சிறீவத்சவா வழக்கில், ஓய்வூதியம் அரசியலமைப்பின் 300அ பிரிவின்கீழ் வரும் சொத்து எனவும், சட்டத்தின் துணையின்றி அதைப் பறிக்க இயலாது எனவும் உச்ச நீதிமன்றம் கூறியது.

மறுநியமனம் இதே தன்மை உடையது அன்று. ஓய்வு வயதுக்குப் பின் பணியில் தொடர்வதற்கு எவருக்கும் முழுமையான உரிமை இல்லை. ஆயினும் அரசாணையில் கூறப்பட்ட நிபந்தனைகளை நிறைவு செய்த ஒருவருக்குக் காரணமின்றி மறுநியமனத்தை மறுப்பதும் ஏற்கத்தக்கது அன்று. குறிப்பாக அரசு உதவிபெறும் பள்ளிகளில் நிருவாகத்துக்கும் ஆசிரியருக்கும் இடையே கருத்து வேறுபாடு உள்ளபோது இச்சிக்கல் எழுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இது குறித்துப் பல வழக்குகள் நடந்துள்ளன. கல்வியாண்டு முடிவதற்குள் தீர்ப்பு வராவிட்டால் வழக்கின் பயன் பெருமளவு குறைந்துவிடுவது இவ்வழக்குகளின் தனித்தன்மை ஆகும்.

ஓய்வு வயது மாற்றங்கள்

தமிழ்நாட்டில் அரசு ஊழியர், ஆசிரியர் ஆகியோரின் ஓய்வு வயது நெடுங்காலம் 58 ஆக இருந்தது. 2020 மே மாதத்தில் அது 59 ஆகவும், 2021 பெப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. முதல் ஆணை 2020 மே 31 அன்று ஓய்வுபெறவிருந்தோர் முதலும், இரண்டாம் ஆணை 2021 மே 31 அன்று ஓய்வுபெறவிருந்தோர் முதலும் பொருந்தியது. இதன் விளைவாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வயது முதிர்வு ஓய்வு நிகழவில்லை. 58 வயதை 2020 மே மாதத்தில் நிறைவு செய்தவர் 2022 மே 31 அன்றே ஓய்வுபெற்றார். அந்த இடைக்காலத்தில் மறுநியமனத்துக்கான தேவையும் எழவில்லை.

பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்

2003 ஏப்பிரல் 1 அன்றும் அதற்குப் பின்னரும் தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். இதில் ஊழியர் தம் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 10 விழுக்காட்டைச் செலுத்த, அரசு அதற்கு நிகரான தொகையைச் செலுத்தியது. ஓய்வின்போது சேர்ந்த தொகை வட்டியுடன் வழங்கப்பட்டது. மாதந்தோறும் ஓய்வூதியம் வழங்கப்படவில்லை. ஆகவே இவர்கள் மறுநியமனம் பெறும்போது ஊதியத்திலிருந்து கழிப்பதற்கு மாத ஓய்வூதியம் என ஒன்று இருப்பதில்லை. ஒரே பள்ளியில், ஒரே நாளில் ஓய்வுபெறும் இருவருள் ஒருவருக்கு மறுநியமனம் என்பது பழைய வருவாயின் தொடர்ச்சி மட்டுமே. மற்றவருக்கோ அது மாத வருவாய் நின்றுபோவதற்கு முந்தைய கடைசிச் சில மாதங்கள் ஆகும்.

பழைய ஓய்வூதியத் திட்டத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது 2019 சனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாகும். 2026 சனவரி 3 அன்று, கடைசி ஊதியத்தில் 50 விழுக்காட்டை உறுதியான ஓய்வூதியமாக வழங்கும் புதிய திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

தனியார் பள்ளிகளில் பணி

அரசின் நிதி உதவி பெறாத தனியார் பள்ளிகளிலோ தனிப்பயிற்சி நிலையங்களிலோ ஓய்வுபெற்ற ஆசிரியர் பெறும் ஊதியம் அவருடைய அரசு ஓய்வூதியத்தைக் குறைப்பதில்லை. கழித்தல் நெறி, இரண்டு தொகைகளும் அரசின் நிதியிலிருந்தே வரும்போதுதான் பொருந்தும். வருமான வரியைப் பொறுத்தவரை, ஓய்வூதியம், மறுநியமன ஊதியம் ஆகிய இரண்டும் ஊதிய வருமானம் என்னும் தலைப்பின்கீழ் வருகின்றன. இரண்டையும் கூட்டியே வரி கணக்கிடப்பட வேண்டும்.

திருத்தணிப் பகுதியும் மாநில எல்லையும்

ஓய்வு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதை எல்லைப் பகுதிகளில் தெளிவாகக் காணலாம். திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில் திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே அமைந்துள்ள ஊர் கனகம்மாசத்திரம். திருத்தணிப் பகுதி முன்னர் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1959 ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்பிரல் 1 அன்று அது சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. இங்கு தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன.

ஆந்திரப் பிரதேசம் அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2014 இல் 58 இலிருந்து 60 ஆகவும், 2022 சனவரியில் 62 ஆகவும் உயர்த்தியது. எனவே கனகம்மாசத்திரத்தில் பணியாற்றும் அரசுப் பள்ளி ஆசிரியர் 60 வயதில் ஓய்வுபெற்று, மறுநியமனம் கிடைத்தால் சில மாதங்கள் மட்டும் தொடர்கிறார். அதே சாலையில் திருத்தணியைக் கடந்து எல்லைக்கு அப்பால் உள்ள நகரியின் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வு வயது 62 ஆகும்.

இந்தியாவில் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படும் செப்டம்பர் 5, திருத்தணியைப் பிறப்பிடமாகக் கொண்ட சர்வபள்ளி இராதாகிருட்டிணனின் பிறந்த நாள் ஆகும். அவர் 1888 இல் பிறந்தவர். 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தார்.

பிற இடங்களில்

- கேரளம்: கல்வியாண்டின் இடையில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியரை, ஓய்வு அளிக்காமலேயே கல்வியாண்டு முடியும் வரை பணியில் தொடரச் செய்யும் விதி கேரளத்தின் பணி விதிகளில் இடம்பெற்றது. இது மறுநியமனம் அன்று. பணித் தொடர்ச்சி ஆகும்.
- நடுவண் பல்கலைக்கழகங்கள்: 2008 திசம்பர் 31 நாளிட்ட ஆணையின்படி ஆசிரியர்களின் ஓய்வு வயது 65 ஆகும். காலியிடம், தகுதி ஆகியவற்றைப் பொறுத்து 70 வயது வரை ஒப்பந்த முறையில் மறுநியமனம் செய்ய இடம் தரப்பட்டது. இந்த வயது உயர்வு மாநிலங்களைத் தாமாகவே கட்டுப்படுத்தாது என 2013 இல் ஜகதீசு பிரசாத் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.
- இலங்கை: அரசு ஊழியரின் ஓய்வு வயது 65 ஆக உயர்த்தப்பட்டு, பின்னர் 2022 இல் 60 ஆகக் குறைக்கப்பட்டது. 60 வயதைக் கடந்தோர் 2022 திசம்பர் 31 அன்று ஒருசேர ஓய்வுபெற நேர்ந்தது.
- கனடா: தமிழர் மிகுதியாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் ஒரு கல்வியாண்டில் 50 நாட்கள் வரை பணியாற்றலாம் என்பது பொது வரம்பாகும். ஆசிரியர் பற்றாக்குறையின்போது இவ்வரம்பு தற்காலிகமாக உயர்த்தப்பட்டது. இங்கு கட்டுப்படுத்தப்படுவது ஊதியம் அன்று, நாட்களே.
- இங்கிலாந்து: கடைசி ஊதிய அடிப்படையிலான ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் மீண்டும் பணியில் சேர்ந்தால், ஓய்வூதியமும் புதிய ஊதியமும் சேர்ந்து பழைய ஊதிய அளவைத் தாண்டும்போது ஓய்வூதியம் குறைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ஊதியம் குறைகிறது. இங்கிலாந்தில் ஓய்வூதியம் குறைகிறது.

விவாதங்கள்

மறுநியமனத்துக்கு ஆதரவாகக் கூறப்படும் முதன்மைக் காரணம், பொதுத் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் மாணவருக்குப் பழகிய ஆசிரியர் தொடர்கிறார் என்பதாகும். அரசுக்கு ஏற்படும் கூடுதல் செலவும் குறைவு. ஓய்வூதியம் எப்படியும் வழங்கப்பட வேண்டிய தொகையாதலால், ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள வேறுபாடே கூடுதல் செலவாக அமைகிறது.

எதிராகக் கூறப்படும் காரணம் வேலைவாய்ப்பு தொடர்பானது. ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றி பெற்றுப் பணிக்குக் காத்திருப்போர் தமிழ்நாட்டில் பெருந்தொகையினர். ஓய்வுபெற்றவர் தொடரும் வரை அந்தப் பணியிடம் காலியிடமாகக் கணக்கில் வருவதில்லை. பதவி உயர்வுக்குக் காத்திருப்போரும் அடுத்த கல்வியாண்டு வரை பொறுத்திருக்க வேண்டியுள்ளது.

இடைக்காலக் காலியிடங்களை நிரப்ப வேறு வழிகளும் முயலப்பட்டன. 2022 சூனில், 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்பத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாயும், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாயும், முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாயும் மாத ஊதியமாக அறிவிக்கப்பட்டன. முறையான நெறிமுறை இல்லை என எழுந்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 சூலையில் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் தகுதி நிபந்தனைகள் வகுக்கப்பட்டன, ஊதியமும் உயர்த்தப்பட்டது.

அனுபவம் மிக்கவரை மறுநியமனம் செய்வதா, காத்திருக்கும் இளைஞரைக் குறைந்த ஊதியத்தில் அமர்த்துவதா என்னும் கேள்வி, காலியிடங்கள் ஆண்டுதோறும் சூனுக்கு முன்னரே முறையாக நிரப்பப்படும் நிலையில் பெரும்பாலும் எழாது. ஓய்வுபெறும் நாள் ஒவ்வோர் ஆசிரியரின் பணிப்பதிவேட்டிலும் அவர் பணியில் சேர்ந்த நாளிலேயே எழுதப்பட்டுவிடுவதால், எந்த ஆண்டில் எத்தனை பேர் ஓய்வுபெறுவர் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே கணிக்கக்கூடியதாகும்.